அரசியின் தோள்

ஐரோப்பியப் பழங்கதை ஒன்றில், மாவீரன் ஒருவன் ஓர் அரசிக்கு அடிமையாகி, தன் கதாயுதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, பெண்ணுடை உடுத்தி நூல் நூற்றானாம். அதை வரையத்தான் ஓவியர் ஒரு தம்பதியை மாதிரிகளாக அழைத்திருந்தார். கனத்த கதாயுதத்தைத் தோளில் சுமந்து மரகதம் அரசியாக நின்றாள். அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு, காலடியில் ராட்டையோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தான் கணவன் குப்புராஜ்.

"முகத்துல அதிகாரமே இல்லையேம்மா. நீங்கதான இங்க எஜமானி?" என்று சலித்துக்கொண்டார் ஓவியர்.

"தோள் விட்டுப்போச்சு சார். கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

ஓவியர் குப்புராஜிடம் திரும்பினார். "என்னப்பா, உக்காரட்டுமா?"

"அதெல்லாம் நிப்பா சார். வீட்டுல நாள் பூரா நிக்கிறவதான."

கதாயுதத்தைப் பிடித்திருந்த விரல்கள் இறுக, மரகதம் குனிந்து கணவனைப் பார்த்தாள்.

"இதான், இந்தப் பார்வைதான்," என்று அவசரமாகத் தூரிகையை எடுத்தார் ஓவியர். "அசையாம அப்படியே நில்லுங்கம்மா."