பாதி வேர்

லெம்பா பெர்த்தாம் மலைப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டத்தில் வெயில் சாய்கிறது. தர்மேந்திரன் குனிந்து, விளைந்து நிற்கும் ஒவ்வொரு முட்டைக்கோசையும் இரு கைகளாலும் பிடித்து அரைச் சுற்று திருகுகிறான். மண்ணுக்குள் வேர்கள் நறநறவென்று அறுபடுகின்றன. பாதி வேர் போய்விட்டால் கோசு மேலும் பருக்காது, மழை பெய்தாலும் வெடிக்காது, இன்னும் ஒரு வாரம் தாங்கும். பக்கத்து நாடு இங்கிருந்து போகும் காய்கறி லோரிகளை எல்லையில் நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள். பாத்தி ஓரத்தில் காலிப் பெட்டிகள் அடுக்கியபடியே கிடக்கின்றன. எதிர்மலையில் தேயிலைக்கு மேலே மேகம் கறுக்கிறது. அடுத்த பாத்தியில் திருகிக்கொண்டிருக்கும் அவன் மனைவி கங்கா, சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கிறாள்.

“என்னவாம்?”

“ரெண்டு நாட்டு மந்திரிங்களும் பேசிட்டாங்களாம். நல்லபடியாதான் பேசினாங்களாம். அடுத்த மாசம் மறுபடியும் உக்காந்து பேசுவாங்களாம்.”

“அடுத்த மாசமா? அத கோசுகிட்ட யாரு லா போய்ச் சொல்றது?”

அவன் கை நிற்கவில்லை. ஏற்கெனவே திருகிய கோசையே மறுபடியும் திருகுகிறான். அது வேரோடு கையில் வந்துவிடுகிறது. அதன் மேல் முதல் மழைத்துளி விழுகிறது. அவன் மண்டியிட்டு, அதைப் பழைய குழியிலேயே வைத்து, சுற்றிலும் மண்ணை அணைத்து அழுத்துகிறான். அழுத்திக்கொண்டே இருக்கிறான்.