ஒரு சிட்டிகை

கூடத்தில் பெலிக்ஸ் வளர்த்த கண்ணாடித்தொட்டி ஒரு குட்டிக் கடல்: உப்புத்தண்ணீர், உயிருள்ள பவளம், நாலு மீன். ஞாயிறுதோறும் அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து இரண்டு சொட்டு மருந்து விடுவார். இரையின் எச்சம் மிஞ்சியிருந்தால் குழாய் சிவக்கும். சிவக்காத ஞாயிறே கிடையாது. போகும்போதும் வரும்போதும் அவர் மனைவி குளோரி ஒரு சிட்டிகை இறால்தூளைத் தூவிவிடுவாள். "ஏட்டி, இரை கூடுனா தண்ணி கெட்டுரும்" என்று கத்துவார். "வாயத் தொறந்துட்டு வருதுவ. பாத்துட்டு சும்மா போவச் சொல்லுதியளா?" என்பாள்.

மகளின் பேறுகாலத்துக்கு அவள் பெங்களூருக்குப் போனாள். இனி நம் ராஜ்ஜியம்தான் என்று பெலிக்ஸ் அளந்து அளந்து இரை போட்டார். வாராவாரம் சிவப்பு வெளிறி, ஒருநாள் குழாயில் வெறும் தண்ணீர் நின்றது. படம் எடுத்து குளோரிக்கு அனுப்பினார். "சாப்ட்டியளா?" என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த வாரம் பவளமும் வெளிறியது. பதறிப்போய் வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "தண்ணி ரொம்பச் சுத்தமாப் போச்சு அண்ணாச்சி. பவளம் பட்டினி கெடக்கு. அந்த எச்சத்துலதான அது சீவிக்கும்."

குளோரியை வீடியோவில் கூப்பிட்டு, போனைத் தொட்டிக்கு நேராகச் சாய்த்து வைத்தார். "எவ்வளவு போடுவ நீ?"

"அதுக்கு என்ன அளவு? அதுவ மூஞ்சியப் பாத்தா தெரியாதா? போடுங்க, நான் சொல்லுதேன்."

ஒரு சிட்டிகை தூவினார். மீன்கள் இரையை விட்டுவிட்டுப் போனில் தெரிந்த முகத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றன. இன்னொரு சிட்டிகை. அவள் போதும் என்று சொல்கிற வழியாகத் தெரியவில்லை. அவரும் போதுமா என்று கேட்கவில்லை.