முன் அனுபவம்

குழந்தைகள் காப்பகத்தில் சம்பளமில்லாத வேலை கேட்டு வந்திருந்தார், ஓய்வுபெற்ற அதிகாரி. பொறுப்பாளரான பெண், துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்கீங்களா?”

“இல்லை.”

“குளிப்பாட்டி, தலை சீவி விட்டிருக்கீங்களா?”

“ம்ஹூம்.”

“அழுதா தூக்கி வச்சு சமாதானப்படுத்தினது?”

“ஆபீஸே கதின்னு கிடந்துட்டேன். சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்.”

பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், சாருக்குக் குழந்தை குட்டி இல்லைபோல.”

அவர் தலை குனிந்தார். பொறுப்பாளர்தான் பதில் சொன்னாள்.

“மூணு இருக்கு. மூத்தது நான்தான்.”

தொட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. மடித்த துண்டை அவர் தோளில் போட்டாள்.

“போய்த் தூக்குங்கப்பா. கழுத்தைத் தாங்கிப் பிடிக்கணும், தெரியுமா?”

“தெரியாதும்மா,” என்றார் அவர்.