கூட்டிப் பெருக்கிய பண்ணை

வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கியபோது சென்னியம்மாளின் கோழிப்பண்ணையில் ஒரு ஈ கூட இல்லை.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலைக் கூட்டுவோம். கடல் தாண்டி வருகிறவர்களுக்காக அவள் ஷெட்டையே கூட்டியிருந்தாள். கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்காகக் குவிந்து கிடந்த எருவை முதல் நாளே டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, சுண்ணாம்புத்தூள் தூவி, கோலம் வேறு போட்டிருந்தாள்.

எல்லாம் மகன் சிவக்குமாருக்காகத்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டிலேயே மூக்கைப் பொத்தினார்கள். காப்பியில் ஈ விழுந்ததும் எழுந்து போனார்கள்.

எருவிலிருந்து கேஸ் எடுக்கும் பிளாண்ட் ஒன்றை வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகக் கட்டித் தருகிறதாம். இந்த வட்டாரத்துக்கே ஒன்றுதானாம். அது வந்தால் நாற்றம் போகும், ஈ போகும், மருமகள் வருவாள்.

வந்த இருவரும் கூண்டுக்கு அடியில் கேஸ் அளக்கும் கருவி ஒன்றை நீட்டினார்கள். அது வாயே திறக்கவில்லை. இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இங்க குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்கறாங்கம்மா," என்றாள் மொழிபெயர்க்கக் கூட வந்திருந்த வித்யா. "இங்க எவ்வளவு கேஸ் காத்துல கலக்காம குறைக்கறாங்களோ, அந்தக் கணக்குக்கு அவங்க ஊர் ஃபேக்டரி புகை விட்டுக்கலாம். நாத்தம் இருந்தாத்தான் அவங்களுக்கு லாபம்."

சென்னியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சாமி, ஊட்டுக்கு ஆள் வந்தா கூட்டி வெக்கறது தப்புங்களா?"

 

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. குப்பென்று நாற்றம் அடித்தது. வெளிநாட்டுக்காரர்கள் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராசப்பன் பண்ணை. அங்கே ஆள் உயரத்துக்கு எரு குவிந்திருந்தது. கருவியைக் கிட்டே கொண்டுபோனதுமே கீச்கீச்சென்று கத்தியது. ராசப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குவியலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

சென்னியம்மாள் வேலியோரம் நின்று அந்தக் குவியலையே பார்த்தாள். நேற்று சாயங்காலம் ராசப்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் எருவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது அவள்தான்.

டிராக்டருக்கு டீசலும் அவள்தான் ஊற்றினாள்.