மேசைக்கு வந்த பை

தச்சன் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அவனுடைய பை மேசைமேல் இருந்தது. உளி, இழைப்புளி, சாப்பாட்டு டப்பா எல்லாம் உள்ளே. வாய் இழுத்துக் கட்டியிருந்தது.

அந்தப் பட்டறையில் எல்லோருடைய பையும் முதலாளி அறையில், ஆணியில் தொங்கும். ஒருவன் பை மேசைக்கு வந்துவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. பேச்சே கிடையாது.

“போச்சுடா,” என்றான் பக்கத்து மேசைக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டவன், பட்டப்பெயர் டிக்‌ஷனரி. “இங்கிலீஷ்ல வேலையைவிட்டுத் தூக்குறதை ‘சாக்’னு ஏன் சொல்றான் தெரியுமா? நம்ம சாக்குப்பைதான் அது. அங்கயும் அந்தக் காலத்துல சாமான் பையைக் கையில குடுத்துத்தான் அனுப்புவாங்களாம். ஊரைக் கொள்ளையடிக்கிறதுக்கும் அதே வார்த்தைதான். நம்மாளு ரெண்டையும் பண்றாரு.”

தச்சன் சிரிக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்து பதினோரு நாள். அதில் ஆறு நாள் இவன் விடுப்பு. வேலையும் போனால் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பது?

கண்ணாடி அறைக்குள் முதலாளி போனைக் காதில் வைத்தபடி நின்றார். வாசலில் அவர் கார், கதவு திறந்தபடி நின்றது.

“எங்கயோ கிளம்புறாரு,” என்றான் பக்கத்து மேசைக்காரன். “அதுவரைக்கும் பிடிகொடுக்காதே. பையைக் கையால தொடாதே, தொட்டா ஒத்துக்கிட்ட மாதிரி.”

தச்சன் முழங்கையால் பையைக் கீழே தள்ளி, காலால் மேசைக்கடியில் ஒதுக்கினான். ரம்ப இயந்திரத்தை ஓடவிட்டான்.

கணக்கெழுதும் பெண் வந்தாள். “அண்ணே, முதலாளி உடனே வரச் சொல்றாரு.”

“இந்தப் பலகையை முடிச்சிட்டு வர்றேம்மா.”

பத்து நிமிடத்தில் மறுபடி வந்தாள். “அதை நிறுத்திட்டு வாங்கண்ணே.”

“ஆறு நாள் வேலை பாக்கி இருக்குன்னு சொல்லும்மா.”

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஓடும் ரம்பத்தையும் அதனருகே இருந்த அவன் விரல்களையும் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் இரண்டு கதவுக்கான பலகை அறுத்தாயிற்று. இவ்வளவு நேர்த்தியாக அவன் ஒருநாளும் அறுத்ததில்லை.

முதலாளியே வந்து சுவிட்சை அணைத்தார். தச்சன் முந்திக்கொண்டான். “முதலாளி, இனிமே ஒருநாள்கூட லீவு போட மாட்டேன். பையை மட்டும் பழையபடி ஆணியில மாட்டிடுங்க.”

அவர் குனிந்து பையை எடுத்தார். மரத்தூளைத் தட்டினார்.

“நீ வந்ததும் ஏறி உக்கார வேண்டியதுதான்னு நானே கட்டி வெச்சேன். காரையும் வாசல்லயே நிறுத்தியிருந்தேன். உன் சம்சாரம் உன்னைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.”

தச்சன் பையை வாங்காமல் வாசலுக்கு ஓடினான்.

“மெதுவாப் போப்பா,” என்றார் முதலாளி. “இனிமே அவசரமில்ல.”