ஈரத் துண்டு

"மாப்ளே, இன்னைக்கு உங்கக்கா என்னைத் திட்டின திட்டு நாலு தெருவுக்குக் கேட்டுச்சு! என் பஸ் ஹாரனே தோத்துப்போகும்!" என்றார் ஓய்வுபெற்ற டிரைவர்.

மைத்துனனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அளக்காதீங்க மாமா. அக்காவாவது, திட்டுறதாவது!"

"தினமும் படுக்கையில ஈரத் துண்டைப் போட்டேன்டா. முதல் மாசம் முறைச்சா. அப்புறம் முனகினா. இன்னைக்குத் திட்டே விழுந்துடுச்சு!"

"இப்படி ஆசையை வளர்த்துக்கிட்டா நீங்கதான் உடைஞ்சுபோவீங்க."

எரிச்சலில் செருப்போடு அறைக்குள் நுழைந்தான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து, ஏழு மாதமாக ஒரு சொல்கூடப் பேசாத அக்கா, அவன் காலைப் பார்த்தாள். உதடு கோணித் துடித்தது.

"செ... செருப்பு... எருமை!"

வெளியே வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒத்துக்கறேன் மாமா. என்னையும் திட்டிட்டா."