பனிக்காலம் முழுக்கத் தூங்கிய கார்

“மெதுவா இழு, பரிமளம். தலைமாடு திறந்து கிடக்கு. குளிர் ஏறிடும்.”

பரிமளம் போர்வையின் மறுமுனையை இழுத்துவிட்டாள். அவளுடைய அக்கா லண்டனிலிருந்து அனுப்பிய புதுப் போர்வைகள். இரண்டையும் சேர்த்துத் தைக்கச் சொன்னவன் தங்கத்துரைதான். கட்டிலில் அவற்றை ஒருநாள்கூட விரித்ததில்லை.

தங்கத்துரை குனிந்து ஓரங்களைச் சொருகினான். மேலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, “இனி நிம்மதியாப் படு” என்றான் காரிடம்.

ஆம், கார்தான். எண்பத்தேழாம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார். நாலு கதவு, கறுப்பு நிறம், எஞ்சின் பின்சில்லை, பின்சக்கரங்களை மட்டும் சுற்றி ஓடுவது. பரிமளம் ஓட்டித் திரிந்த பழைய காரைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாங்கிய மாதமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பனி உருகவென்று ஸ்காபரோ வீதியெல்லாம் உப்புப் போட்டார்கள். உப்புப் பட்டால் கார் துருப்பிடிக்கும். உப்பு என்று கேட்டாலே தங்கத்துரைக்குப் பிரஷர்காரன் மாதிரி முகம் மாறும். பனி போகுமட்டும் கார் கராஜை விட்டு அசையாது என்று அறிவித்துவிட்டு, விடியமுன் எழும்பித் தானே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தான்.

“அப்ப நான் விட்பிக்கு எப்பிடிப் போறது?” என்று கேட்டாள் பரிமளம். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பனிக்காலம் முழுக்க ஒருநாளும் பிந்தாமல் வந்தால்தான் நிரந்தரம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

“பஸ் என்னத்துக்கு விட்டிருக்கிறான்? இது உன்ர பழைய கார் மாதிரி இல்ல, கையால கியர் மாத்திற கார். உனக்குச் சரிவராது.”

அதிசயம், பரிமளம் ஒருநாளும் பிந்தவில்லை. அந்தப் பெருமையையும் தங்கத்துரை தானே எடுத்துக்கொண்டான்.

“பாத்தியா, பஸ்ஸ நம்பலாம் எண்டு நான் சொன்னன்தானே!”

“ஓம், நம்பலாம்” என்பாள் பரிமளம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையை நீக்கி, காரை ஒருதரம் ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பான். கராஜைப் பரிமளம் அடிக்கடி கழுவி வைப்பதால் காரில் ஒரு தூசும் இருக்காது. கிழமை முழுக்கத் தூங்கிய கார் ஒரே திருகலில் உறுமும். “என்ன பற்றறியப்பா!” என்று புல்லரித்துவிட்டு மெழுகு பூசத் தொடங்குவான். அவனுக்குக் காரின் தோலோடுதான் காதல். உள்ளே ஓடிய தூரம் காட்டும் இலக்கங்களையும் பெற்றோல் முள்ளையும் அவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கடைசி ஞாயிறு பக்கத்து வீட்டு அருள்நாயகத்தைக் கூட்டிவந்து காட்டினான். சீற், கண்ணாடி, கசெற் பெட்டி எல்லாம் காட்டி முடித்து டிக்கியைத் திறந்தான். உள்ளே நாலு மூட்டை அரிசி.

“என்ன தம்பி, கடை போடப் போறியோ?” என்றார் அருள்நாயகம்.

தங்கத்துரையின் மானம் கப்பலேறியது. “பரிமளம்! இதென்ன மாட்டுவண்டிலா?”

“மலிவாப் போட்டான். கடைக்காரனே தன்ர வான் வண்டியில கொண்டுவந்து இறக்கினவன். குளிருக்க கிடந்தா வண்டு பிடிக்காது. அது பாட்டில கிடக்கட்டும், எடுக்காதீங்க.”

அவன் கேட்கவில்லை. மூச்சு வாங்க நாலையும் இழுத்துப்போய்க் குசினிக்குள், அடுப்படியில் போட்டான்.

திங்கள் விடிய முழங்காலளவு பனி. பஸ் ஓடாது என்று ரேடியோ சொன்னது. தங்கத்துரை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த பழைய போர்வைக்குள் மறுபடி புகுந்துகொண்டான்.

பரிமளம் கோட்டும் சப்பாத்துமாக வந்து நின்றாள். “எழும்புங்க. இண்டைக்குத்தான் அவங்க சொன்ன கடைசி நாள். இண்டைக்குப் பிந்தினா வேலை போச்சு. கார எடுங்க.”

“இந்த உப்புக்குள்ளயா? உனக்கென்ன விசரா?”

அவள் கண் கலங்கிவிட்டது. பனிக்காலம் முழுக்கப் பட்ட பாடு ஒரு காலையில் பாழாகப் போகிறதே என்று ஆத்திரமும் வந்தது. வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த அருள்நாயகம் சத்தம் கேட்டு நிமிர்ந்து, “வீதியெல்லாம் லொறி வழிச்சிட்டுது தம்பி. கார் காட்டுறதுக்கு மட்டும்தான் வாங்கினதோ?” என்று குரல் கொடுத்தார்.

அது சுட்டுவிட்டது. தங்கத்துரை பாய்ந்து எழுந்து சாவியை எடுத்தான். பரிமளம் பக்கத்துச் சீற்றில் ஏறிக்கொண்டாள்.

கராஜ் பள்ளத்தில் இருந்தது. வீதிக்கு ஏற ஒரு சிறு மேடு, பனியை வழித்த பிறகும் ஒரே வழுக்கல். பாதி மேட்டில் பின்சில்லு இரண்டும் சும்மா சுற்ற, கார் வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் வேகமாக மிதித்தான். இன்னும் வேகமாக வழுக்கியது. பின்னால் நின்று தள்ளிய அருள்நாயகத்துக்கு முகம் முழுக்கப் பனி அப்பியதுதான் மிச்சம்.

தங்கத்துரை எஞ்சினை நிறுத்தினான். “இது பனிக்குச் செய்த கார் இல்ல. ஆர் ஓட்டினாலும் ஏறாது. நீ போன் பண்ணி வர ஏலாது எண்டு சொல்லு.”

பரிமளம் இறங்கினாள். போன் பக்கம் போகவில்லை. குசினிக்குப் போய் ஓர் அரிசி மூட்டையை இழுத்துவந்து டிக்கிக்குள் தள்ளினாள். பிறகு அடுத்தது. நாலும் ஏறியதும் காரின் பின்பக்கம் நன்றாகப் பதிந்து உட்கார, பின்சில்லு இரண்டும் நிலத்தை அழுத்திப் பிடித்தன.

“வேலைக்குப் போகக்குள்ள அரிசி என்னத்துக்கு?” என்று கத்தினான் தங்கத்துரை.

பரிமளம் டிக்கியை அடித்துச் சாத்திவிட்டு, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“தள்ளி இருங்க. ஒவ்வொரு நாளும் இந்த மேட்டில நான் ரெண்டாம் கியரிலதான் ஏத்துறன்.”